முறுக்கினால் வண்டி திணறுகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

திருப்பூர், பல்லடம், காங்கேயம், அவிநாசி வட்டாரங்களில் முன்பு மாட்டு வண்டி செய்து வந்த வேலைகளில் பெரும்பகுதியை இன்று மொபெட்டும் மோட்டார் சைக்கிளுமே செய்கின்றன. விடியற்காலையில் பால் கேன், பகலில் சோளத்தட்டுக் கட்டு, மாலையில் தவிட்டு மூட்டை, சந்தை நாளில் தக்காளிக் கூடை என்று அவற்றுக்கு ஓய்வே இல்லை. 1980-ஆம் ஆண்டில் ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது முதல் இந்தப் பழக்கம் கிராமங்களில் வேரூன்றிவிட்டது. எனவே பம்ப்செட்டையும் தெளிப்பானையும் போல இதையும் ஒரு பண்ணைக் கருவியாகவே கருத வேண்டும்.

இவ்வண்டிகளைப் பற்றி விவசாயிகள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. நிற்கும்போது என்ஜின் சீராக ஓடுகிறது. வேகம் பிடித்த பிறகும் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிய அந்தக் கணத்தில் மட்டும் முக்கித் திணறி, சில சமயம் நின்றே போகிறது. இதைச் சிறு குறையென்று விட்டுவிடக் கூடாது. இருபுறமும் பால் கேன் தொங்க, கோவை-திருச்சி சாலையையோ சேலம்-கொச்சி நெடுஞ்சாலையையோ குறுக்கே கடக்கும் ஒருவருக்கு, முறுக்கியவுடன் வண்டி நகராவிட்டால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. பனியன் கம்பெனிப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் காலை நேரம் அது.

ஒர்க்ஷாப்பில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கார்புரேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதே. ஒரு கறவை மாட்டின் ஒரு வாரப் பால் பணம் அதில் போய்விடும். ஆனால் கார்புரேட்டர் மெய்யாகவே தேய்ந்து போயிருப்பது குறைவு. அடைப்பும் அழுக்கும் காற்றுக் கசிவுமே அதிகம். அவற்றைக் கண்டறியும் முறையைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான பழுதுகளை வீட்டு வாசலிலேயே தீர்க்கலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளுக்குப் பின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு அமைப்பு உள்ளது. இங்கு கூறப்படுபவை அதற்கு முந்தைய வண்டிகளுக்கே பொருந்தும். நம் கிராமங்களில் ஓடுபவற்றில் இன்னும் ஏராளமானவை அவைதாம்.

திணறல் எப்படி உண்டாகிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதத்தில் இரண்டையும் கலந்து அனுப்புவது கார்புரேட்டரின் வேலை. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது உள்ளே உள்ள ஸ்லைடு மேலே ஏறி, காற்று செல்லும் தொண்டை அகலமாகிறது. காற்று இலேசானது, உடனே பாய்ந்து உள்ளே போய்விடும். பெட்ரோல் கனமானது, அது அசைந்து கிளம்பச் சிறிது தாமதமாகும். தொண்டை திடீரென்று அகன்றதும் பெட்ரோலை உறிஞ்சும் விசையும் குறைகிறது. ஆக, அந்த ஒரு கணத்தில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. கார்களில் இதைச் சரிக்கட்ட, முறுக்கும்போதே சிறிது பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்ப் கார்புரேட்டரிலேயே இருந்தது. நம் சிறு வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. பைலட் ஜெட் எனப்படும் மிகச் சிறிய துளையின் வழியே வரும் பெட்ரோல்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

இந்தத் துளையின் விட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சொட்டு நீர்ப் பாசனத்தில் மெயின் குழாய் நிறையத் தண்ணீர் வந்தும், சொட்டுவான் அடைத்துக்கொண்டால் செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். பெரிய துளையாகிய மெயின் ஜெட் சுத்தமாக இருப்பதால் வண்டி வேகத்தில் நன்றாக ஓடும். பைலட் ஜெட் பாதி அடைத்திருப்பதால் தொடக்கத்தில் திணறும். "என்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாம் குழம்புவது இதனால்தான்.

மார்கழி, தை மாதக் குளிரில் விடியற்காலை கிளப்பியவுடன் ஓரிரு நிமிடம் திணறுவது இயல்பு. அதைப் பழுதாகக் கொள்ளக் கூடாது. என்ஜின் நன்கு சூடேறிய பிறகும் திணறினால்தான் மேலே கூறப்போகும் சோதனைகள் தேவைப்படும்.

கைப்பிடியில் ஓர் அடையாளம்

முதலில் கண்டறிய வேண்டியது, முறுக்கின் எந்த நிலையில் திணறுகிறது என்பது. கைப்பிடியின் மீது ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதற்கு நேராக, அசையாத பகுதியில் சாக்பீஸால் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு முறுக்கு என்று கோடிட்டுக் கொள்ளவும். ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் திணறும் இடம் தெரிந்துவிடும். மூடிய நிலையிலிருந்து கால் முறுக்கு வரை என்றால் பைலட் ஜெட்டும் அதைச் சேர்ந்த வழியும். காலுக்கும் முக்காலுக்கும் இடையில் என்றால் ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் துளையும். முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட், அல்லது டேங்கிலிருந்து போதிய பெட்ரோல் வராமை. மெக்கானிக்கிடம் போவதானாலும் இந்த விவரத்தைச் சொன்னால் அவருக்கு வேலை பாதியாகும். நமக்குச் செலவும் குறையும்.

அடுத்தது, பெட்ரோல் குறைவதால் திணறுகிறதா, மிகுவதால் திணறுகிறதா என்பது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது. ஆதலால் இதைத் தெரியாமல் திருகுகளைத் திருப்புவது, மண் பரிசோதனை செய்யாமல் உரமிடுவதைவிட மோசமானது. சோதனை எளிது. சூடேறிய வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே சோக்கைச் சிறிது போடவும். சோக் போட்டால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். திணறல் குறைந்தால் இதுவரை பெட்ரோல் பற்றாக்குறை என்று பொருள். திணறல் கூடினால் ஏற்கெனவே பெட்ரோல் மிகுதி. காதாலும் இதை அறியலாம். பெட்ரோல் குறைவானால் கார்புரேட்டர் பக்கமாக "பொக்" என்று ஒரு சத்தம் வந்து என்ஜின் அமுங்கும். மிகுதியானால் கொரகொரவென்று ஓடிக் கரும்புகை தள்ளும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது இதற்கு உறுதி சேர்க்கும். முனை காப்பிப் பொடி போன்ற பழுப்பு நிறமாயிருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. புகைக்கரி போல் உலர்ந்த கறுப்பானால் பெட்ரோல் மிகுதி. இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் 2டி ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுகிறீர்கள் என்று பொருள். லிட்டருக்கு 20 மி.லி. என்பது பொதுவான கணக்கு. கூடுதலாக ஊற்றினால் என்ஜின் கூடுதல் நாள் உழைக்கும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. பிளக்கும் சைலன்ஸரும் கரி பிடிப்பதுதான் அதன் பலன்.

பெட்ரோல் குறைவானால்

காசு செலவில்லாதவற்றை முதலில் பார்க்கலாம். டேங்க் மூடியில் காற்று புகச் சிறு துளை உண்டு. புழுதியால் அது அடைத்தால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காது. சில கிலோமீட்டர் ஓடிய பிறகே திணறத் தொடங்கும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம். மூடியைச் சற்றே தளர்த்தி ஓட்டிப் பார்க்கவும். சரியானால் காரணம் அதுவே. அடுத்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு டேப்பைத் திறக்கவும். தடையின்றி ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் டேப்பில் உள்ள வலை வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

பின்னர் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கவும். அடியில் தனியாக ஓர் அடுக்கோ குமிழ்களோ தெரிந்தால் தண்ணீர். செந்நிற மண்டி தெரிந்தால் டேங்கினுள் துரு. இவ்வேலைகளை என்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். மாட்டுக் கொட்டகையிலோ வைக்கோல் போர் அருகிலோ கூடாது. அருகில் பீடி, சிகரெட் அறவே கூடாது.

மறைந்திருந்து தொல்லை தருவது காற்றுக் கசிவு. கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய் நம் ஊர் வெயிலில் நாளடைவில் வெடித்துவிடும். வெடிப்பின் வழியே கள்ளக் காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். நிறுத்தி வைத்த வண்டி தானாகவே வேகமாக ஓடுவதும், ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் ஓடுவதும் இதன் அறிகுறிகள். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு இந்த இணைப்பின் மீது மட்டும் சிறிது சோப்புத் தண்ணீரைத் தெளிக்கவும். ஓட்டத்தின் சத்தம் சட்டென்று மாறினால் கசிவு அங்கேதான். ரப்பரை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதைப் பார்க்காமல் புதிய கார்புரேட்டர் போட்டவர்களின் வண்டிகள் புதிய கார்புரேட்டருடனும் திணறவே செய்யும்.

பெட்ரோல் மிகுந்தால்: பஞ்சுத் தூசியின் வேலை

பெட்ரோல் மிகுந்து திணறும் வண்டிகளுக்கு நம் பகுதியில் தனியாக ஒரு காரணம் உண்டு. அது பஞ்சு. மங்கலம், சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக் கூடங்களின் வாசலிலும், திருப்பூரில் நிட்டிங், கட்டிங் நடக்கும் கட்டடங்களின் ஓரத்திலும் நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளின் மீது பஞ்சுத் தூசி படிகிறது. விவசாயக் குடும்பத்தில் ஒருவராவது பனியன் வேலைக்கோ தறி வேலைக்கோ செல்லாத வீடு இங்கு அரிது. வீட்டு வண்டியும் அவருடன் போய் வருகிறது. அதிகாலையில் பாலுக்குப் போகும் வண்டியே எட்டு மணிக்குக் கம்பெனிக்கும் போகும். கூடத்தின் காற்றில் மிதக்கும் பஞ்சை, வண்டி கிளம்பும்போது ஏர் பில்டர் உறிஞ்சிக் கொள்ளும். எண்ணெயில் நனைத்த ஸ்பஞ்சு வகை பில்டரில் அது பாய் விரித்தது போலப் படிந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கொண்டுவரும் மண் தூசியும் இதனுடன் சேர்ந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். காற்று குறைய, பெட்ரோலின் பங்கு கூடும். வண்டி அரை முறுக்குக்கு மேல் இழுக்காது, மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும்.

ஸ்பஞ்சு பில்டரை மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் முழுவதும் உலர்த்தி, சிறிது என்ஜின் ஆயில் தடவி, மிகுந்த ஆயிலைப் பிழிந்துவிட்டுப் பொருத்த வேண்டும். காகித பில்டரைக் கழுவக் கூடாது. தட்டித் தூசி போக்கலாம். அழுக்கேறிவிட்டால் மாற்றிவிட வேண்டும். கம்பெனி வண்டி கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்கு சாதாரணச் சாலைக்கு உரியது. தறிக் கூடத்து வாசலில் நிற்கும் வண்டிக்கு அதில் பாதியிலேயே சுத்தம் செய்வது நல்லது. சிலர் "காற்று நன்றாகப் போகட்டும்" என்று பில்டரையே எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். திணறல் அன்றைக்கு நின்றது போல் தோன்றும். உள்ளே போகும் மண் சிலிண்டரை அராவி, ஓராண்டில் போர் வேலைக்குக் கொண்டுவந்து விடும்.

பஞ்சு வேறொரு வழியிலும் கெடுதல் செய்கிறது. இப்பகுதி ஒர்க்ஷாப்புகளில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட் துணிதான். மலிவானது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும், கை துடைக்க அதைப்போல் வேறில்லை. ஆனால் கார்புரேட்டரின் உட்பகுதியை அதனால் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நூலிழைகள் ஒட்டிக்கொண்டு நேரே பைலட் ஜெட்டில் போய்ச் சிக்கும். "கார்புரேட்டர் சுத்தம் செய்த மறுநாளே மறுபடி திணறுகிறது" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். கார்புரேட்டரைத் துடைக்கவே தேவையில்லை. பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ கழுவி, காற்றடித்து உலர்த்தினால் போதும்.

பைலட் ஜெட்டில் கம்பியை விடாதீர்

இங்குதான் பல கார்புரேட்டர்கள் மெய்யாகவே கெட்டுப் போகின்றன. அடைத்த ஜெட்டைப் பிரேக் கேபிளின் ஒற்றைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தும் வழக்கம் எங்கும் உள்ளது. ஜெட் பித்தளையால் ஆனது. எஃகுக் கம்பி அதை எளிதில் அராவும். 0.35 மி.மீ. துளை 0.40 மி.மீ. ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 30 சதவீதம் கூடிவிடுகிறது. முன்பு பெட்ரோல் குறைந்து திணறிய வண்டி இனிமேல் பெட்ரோல் மிகுந்து திணறும். ஜெட்டைக் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றைச் செலுத்தவும். அடைப்பு பிடிவாதமாக இருந்தால் நைலான் தூரிகையின் ஓர் இழையை விடலாம். வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். ஜெட் மட்டும் போதாது. அது பொருந்தும் வழியிலும் காற்றடிக்க வேண்டும்.

கலவையைச் சரிசெய்யும் சிறு திருகைத் தொடுவதானால், முதலில் அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக் கொள்ளவும். அழுத்தி முறுக்கினால் முனை நசுங்கும். திருகு ஏர் பில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றுக்கானது. உள்ளே திருகினால் பெட்ரோலின் பங்கு கூடும். என்ஜின் பக்கமாக இருந்தால் பெரும்பாலும் கலவைக்கானது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் மாற்றக் கூடாது. மாற்றியபின் ஓட்டிப் பார்த்து, பயனில்லையென்றால் குறித்து வைத்த பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

கார்புரேட்டர் மீது வீண்பழி விழும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆக்ஸிலேட்டர் கேபிள் தொய்ந்து போனால் முறுக்கிய பின்னரே ஸ்லைடு நகரும். கைப்பிடி ஓரத்தில் 2 முதல் 6 மி.மீ. தளர்வு இருந்தால் சரி. பிளக் இடைவெளி அகன்றாலும், பிளக் மூடியில் ஈரம் இறங்கினாலும், முறுக்கும்போது பொறி தவறும். இருட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் பிளக் கேபிளின் மீது நீலப்பொறி ஓடுவது தெரியும். மொபெட்டில் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராவிட்டால் அது கிளட்ச் தேய்மானம். எல்லா வேகத்திலுமே சோம்பலாக இழுத்தால் சைலன்ஸரில் கரி அடைப்பைப் பார்க்க வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

சில ஆண்டுகளாகப் பழைய வண்டிகள் அதிகம் திணறுவதாக விவசாயிகள் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டில் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பம்புகளில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. ஒரு கிலோ எத்தனால் எரியச் சுமார் 9 கிலோ காற்றே போதும். எனவே 20 சதவீதக் கலவைக்கு உரிய விகிதம் 14.7-லிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. தூய பெட்ரோலுக்கென அமைத்த ஜெட் இந்த மாற்றத்தை அறியாது. அது அனுப்பும் கலவையில் எரிபொருள் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே சிறிது அடைத்திருந்த பைலட் ஜெட்டுக்கு இந்த 8 சதவீதமே போதும். அதுவரை மறைந்திருந்த திணறல் வெளிப்பட்டுவிடும். மின்னணு அமைப்புள்ள வண்டிகள் ஓரளவு தாமே சரிசெய்து கொள்கின்றன.

எத்தனால் டேங்கில் நெடுநாள் படிந்திருந்த பிசினையும் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் சேர்க்கும். பழைய ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். தண்ணீரை ஈர்க்கும், ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போவது அடியில் உள்ளதுதான். ஆகையால் மழைக் காலத்தில் டேங்கைக் காலியாக வைத்திருப்பதைவிட நிறைத்து வைப்பது நல்லது. அடிக்கிண்ணத்தை மாதம் ஒருமுறை வடித்துப் பார்க்கலாம். எல்லாம் சுத்தமாக இருந்தும் வண்டி சோக் சோதனையில் பெட்ரோல் பற்றாக்குறையையே காட்டினால், கலவைத் திருகைக் கால் அல்லது அரைச் சுற்று பெட்ரோல் கூடும் பக்கம் திருப்பலாம். அரை முறுக்கில் திணறினால் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே மாற்றி, ஊசியை உயர்த்தி வைக்க மெக்கானிக்கிடம் சொல்லலாம். கரும்பும் மக்காச்சோளமும் விற்பவருக்கு எத்தனால் நல்ல செய்தி, பழைய மொபெட் ஓட்டுபவருக்குத் தொல்லை. உடுமலை, குடிமங்கலம் பக்கத்தில் இருவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் வேடிக்கை!

இதே பெட்ரோல்தான் விசைத் தெளிப்பானுக்கும் களை வெட்டும் கருவிக்கும் போகிறது. அவற்றின் கார்புரேட்டர் இன்னும் சிறியது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கருவியை அடுக்கி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். அடுத்த மருந்தடிப்புக்கு எடுக்கும்போது, சென்ற பட்டத்தில் கேனில் மிஞ்சிய பெட்ரோலை ஊற்றாமல், அன்று வாங்கியதையே ஊற்றவும்.